எக்ஸெல்லில் ஒரு குறுங்கோள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பாட்டு கேட்டாச்சு, படம் பார்த்தாச்சு, லெட்டர் டைப் பண்ணியாச்சு. இதுல வேற என்ன செய்யலாம்?" எக்ஸெல்லைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டால், "அது ஆபீஸ்ல சம்பளக் கணக்கு போடுறவங்களுக்குத்தானே?" என்பார்கள்.

இந்தப் பாடத்தில் சம்பளக் கணக்கு கிடையாது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றிவரும் ஒரு குறுங்கோள், குறிப்பிட்ட ஒரு நாளில் சூரியனிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் போகிறோம். மொத்தம் 16 செல்கள் போதும். மைக்ரோசாஃப்ட் எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம். பள்ளியில் படித்த சைன், கொசைன் மறந்து போயிருந்தாலும் பரவாயில்லை. அந்த வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

கணக்குக்குப் போகும் முன், இந்தக் கணக்கு யாருக்கு எதற்காகத் தேவைப்பட்டது என்று தெரிந்துகொள்வோம். அது தெரிந்தால்தான் ஒவ்வொரு செல்லும் எதற்கு என்பது புரியும்.

தொலைந்துபோன புள்ளி

1801 ஜனவரி 1. இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலெர்மோ வானாய்வுக் கூடத்தில் ஜூசெப்பே பியாட்சி என்ற பாதிரியார் நட்சத்திரங்களின் இடத்தை அளந்து பட்டியலிட்டுக்கொண்டிருந்தார். ஒரே நட்சத்திரத்தைப் பல இரவுகள் திரும்பத் திரும்ப அளப்பது அவர் வழக்கம். அன்று ரிஷப ராசிப் பகுதியில் அளந்த ஒரு மங்கலான புள்ளி, மறுநாள் இரவு சற்றே இடம் மாறியிருந்தது. அதற்கடுத்த இரவுகளிலும் நகர்ந்தது. நட்சத்திரம் அப்படி நகராது.

வால்மீனாக இருக்கலாம் என்றுதான் பியாட்சி முதலில் அறிவித்தார். ஆனால் அதற்கு வாலும் இல்லை, புகைபோன்ற மூட்டமும் இல்லை. இது வால்மீனைவிடப் பெரிய விஷயம் என்ற எண்ணம் அவருக்கு உள்ளூர இருந்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலான இடைவெளி மற்ற கோள்களின் வரிசையோடு ஒப்பிட்டால் மிக அதிகம், அங்கே ஒரு கோள் இருக்க வேண்டும் என்று அப்போதைய வானியலாளர்கள் பலர் நம்பினார்கள். 1800-ல் ஜெர்மனியில் ஃபான் ஸாக் என்பவரும் நண்பர்களும் அதைத் தேடுவதற்கென்றே ஒரு குழு அமைத்திருந்தார்கள். அந்தக் குழுவில் சேர பியாட்சிக்கும் அழைப்பு அனுப்ப முடிவாகியிருந்தது. அழைப்பு கைக்கு வருவதற்கு முன்பே அவர் கண்டுபிடித்துவிட்டார்!

பிப்ரவரி 11 வரை மொத்தம் 24 இரவுகளில் அவர் அதை அளந்தார். பிறகு உடல்நலம் குன்றியது. அதற்குள் அந்தப் புள்ளி வானத்தில் சூரியன் இருக்கும் திசையை நெருங்கிவிட்டது. சூரியனின் ஒளியில் அதைப் பார்க்க முடியாது. சில மாதங்கள் கழித்து அது மறுபுறம் வெளியே வரும்போது எங்கே தேடுவது? வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலான ஒரு புள்ளி, அதைப் போன்ற ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு நடுவே. சரியான இடம் தெரியாவிட்டால் கண்டுபிடித்ததே வீண்.

பியாட்சியின் அளவுகள் 1801 செப்டம்பரில் ஸாக் நடத்திய வானியல் மாத இதழில் வெளியாயின. சிலர் வட்டப் பாதை என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டார்கள். அவர்கள் சொன்ன இடங்களில் ஒன்றும் அகப்படவில்லை. அப்போது பிரன்ஸ்விக் நகரில் இருந்த கார்ல் பிரெடரிக் கௌஸ் என்ற 24 வயது கணித மேதை இந்தக் கணக்கைக் கையில் எடுத்தார். மற்றவர்கள் சொன்ன இடத்திலிருந்து வெகுவாக விலகிய ஓர் இடத்தை அவர் குறித்துக் கொடுத்தார். 1801 டிசம்பர் 31 இரவு, ஏறக்குறைய அதே இடத்தில் ஸாக் அந்தப் புள்ளியை மீண்டும் கண்டார். ஓரிரு நாட்களுக்குள் பிரெமன் நகரில் ஓல்பர்ஸ் என்ற மருத்துவரும் தனியாகக் கண்டுபிடித்தார். காணாமல் போய் ஏறக்குறைய பதினோரு மாதங்கள் ஆகியிருந்தன.

அதுதான் செரஸ், முதலில் கண்டுபிடிக்கப்பட்ட குறுங்கோள். 1802-ல் ஓல்பர்ஸ் பல்லஸ் என்ற இன்னொன்றைக் கண்டார். அதே ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் இவற்றுக்கு 'நட்சத்திரம் போன்றவை' என்ற பொருளில் அஸ்டிராய்டு என்று பெயர் வைத்தார். இன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குறுங்கோள்கள் பதிவாகியிருக்கின்றன. சுமார் 940 கிலோமீட்டர் விட்டமுள்ள செரஸ்தான் செவ்வாய்-வியாழன் இடைப்பட்ட வளையத்தில் மிகப் பெரியது. 2006-ல் அதற்குக் குறுங்கிரகம் என்ற தகுதியும் கொடுத்தார்கள்.

கௌஸின் கஷ்டம் என்ன?

41 நாள் என்பது எவ்வளவு குறைவு என்று பாருங்கள். செரஸ் சூரியனை ஒருமுறை சுற்ற சுமார் 1681 நாட்கள் ஆகும். 360 டிகிரியில் சுமார் 9 டிகிரிதான் அந்த 41 நாளில் கடந்திருக்கும். ஒரு தட்டின் விளிம்பில் சிறு துண்டைக் காட்டி, முழுத் தட்டின் அளவையும் உருவத்தையும் சொல் என்று கேட்பது போன்றது இது.

இன்னொரு சிக்கல், டெலஸ்கோப்பில் பார்த்தால் திசை மட்டும்தான் தெரியும், தூரம் தெரியாது. போதாக்குறைக்கு, பார்க்கிற நாமும் பூமியோடு சேர்ந்து நகர்ந்துகொண்டிருக்கிறோம். ஓடுகிற பஸ்ஸில் இருந்துகொண்டு, தூரத்தில் ஓடுகிற லாரி எந்த ரோட்டில் போகிறது என்று ஜன்னல் வழியாகக் கணிப்பது போல. மூன்று வெவ்வேறு நாட்களின் திசைகள் இருந்தால் போதும், பாதை வட்டம் என்று எண்ண வேண்டியதில்லை, நீள்வட்டமாகவே கணக்கிடலாம் என்று கௌஸ் காட்டினார். தோராயமான ஒரு விடையில் தொடங்கி, அதைத் திருத்தி, திருத்தியதை மறுபடி திருத்தி, அளவுகளோடு பொருந்தும்வரை போவது அவர் வழி. அத்தனையும் பேனாவும் பேப்பரும்தான்.

கௌஸ் அளவுகளிலிருந்து பாதையைக் கண்டுபிடித்தார். நாம் செய்யப் போவது அதன் மறுபாதி. பாதை தெரியும், குறிப்பிட்ட நாளில் குறுங்கோள் எங்கே என்று கேட்கிறோம். இது சுலபமான பாதி. ஆனால் இதிலும் 'திருத்தித் திருத்தி' என்ற அதே உத்தி வரும்.

பாடம் 1: செரஸின் ஒரு ஆண்டு

எக்ஸெல்லைத் திறந்து புதிய ஷீட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ காலத்தில் பெயர்களையும் பி காலத்தில் எண்களையும் எழுதுவோம். பார்முலாக்களை இங்கே தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். கீபோர்டில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். பார்முலா எப்போதும் சமக்குறியில் தொடங்க வேண்டும். சமக்குறி இல்லாவிட்டால் எக்ஸெல் அதை வெறும் எழுத்தாக நினைத்துக்கொள்ளும்.

ஏ1-ல் 'சராசரித் தூரம்' என்று எழுதி, பி1-ல் 2.767 என்று டைப் செய்யுங்கள். இது வானியல் அலகில் உள்ளது. ஒரு வானியல் அலகு என்பது சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள சராசரித் தூரம், சுமார் 14.96 கோடி கி.மீ.

ஏ2-ல் 'மையத்தொலைத்தகவு', பி2-ல் 0.079. நீள்வட்டம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று சொல்லும் எண் இது. 0 என்றால் சரியான வட்டம். 1-ஐ நெருங்க நெருங்க நீண்டுகொண்டே போகும்.

ஏ3-ல் 'சுற்றுக் காலம்'. பி3-ல் இந்த பார்முலாவை டைப் செய்து என்டர் தட்டுங்கள்:

=பி1^1.5

ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு 6-ஐ அழுத்தினால் அந்தக் கூரைக்குறி வரும். அடுக்கு என்று பொருள். விடை 4.6027 என்று வரும். செரஸின் ஒரு ஆண்டு நம் ஆண்டில் 4.6. இது கெப்ளரின் மூன்றாம் விதி: தூரத்தை மூன்று முறை பெருக்கினால் வருவதும், காலத்தை இரண்டு முறை பெருக்கினால் வருவதும் சமம். தூரத்தை வானியல் அலகிலும் காலத்தை ஆண்டிலும் வைத்தால், சூரியனைச் சுற்றும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வரி போதும்.

ஏ4-ல் 'மிகக் குறைந்த தூரம்', பி4-ல் =பி1*(1-பி2). விடை 2.548. ஏ5-ல் 'மிக அதிகத் தூரம்', பி5-ல் =பி1*(1+பி2). விடை 2.986.

இப்போது பி1-ல் 2.767-க்குப் பதில் 1 என்று மாற்றி என்டர் தட்டுங்கள். பி3 தானாகவே 1 ஆகிவிடும். பூமியின் ஒரு ஆண்டு! எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாச் செல்களும் தாமாகவே மாறும். கால்குலேட்டரைவிட எக்ஸெல் உயர்ந்தது இதனால்தான். பார்த்தபின் 2.767-ஐத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

பாடம் 2: தன் வாலைத் தானே பிடிக்கும் பார்முலா

செரஸ் எப்போதும் ஒரே வேகத்தில் போவதில்லை. சூரியனை நெருங்கும்போது வேகமாகவும் விலகும்போது மெதுவாகவும் போகும். அதனால், பாதிக் காலத்தில் பாதிச் சுற்று முடிந்திருந்தாலும், கால்வாசிக் காலத்தில் கால்வாசிச் சுற்று என்று சொல்ல முடியாது.

ஏ6-ல் 'கடந்த ஆண்டுகள்' என்று எழுதி, பி6-ல் 1 போடுங்கள். சூரியனுக்கு மிக அருகே வந்து ஓர் ஆண்டு ஆகியிருக்கிறது என்று பொருள்.

ஏ7-ல் 'சராசரிக் கோணம்', பி7-ல் =6.283185*பி6/பி3. விடை 1.3651. ஒரே வேகத்தில் போயிருந்தால் எவ்வளவு திரும்பியிருக்கும் என்பது இது. 6.283185 எங்கிருந்து வந்தது? எக்ஸெல்லுக்கு டிகிரிக் கணக்கு பழக்கமில்லை. ரேடியன் என்ற அளவில்தான் கோணத்தைப் புரிந்துகொள்ளும். 360 டிகிரி என்பது 6.283185 ரேடியன்.

இதைத் திருத்தி உண்மையான இடத்தைக் கண்டுபிடிக்க கெப்ளர் ஒரு சமன்பாடு தந்திருக்கிறார். சொற்களில் சொன்னால்:

திருத்திய கோணம் = சராசரிக் கோணம் + தகவு × சைன்(திருத்திய கோணம்)

கவனித்தீர்களா? திருத்திய கோணத்தைக் கண்டுபிடிக்க, திருத்திய கோணமே தெரிந்திருக்க வேண்டும்! கோழி முதலா முட்டை முதலா என்ற கதை. இதை அப்படியே பி8 செல்லில், பி8-ஐயே உள்ளே வைத்து டைப் செய்தால், 'சர்க்குலர் ரெஃபரன்ஸ்' என்று எக்ஸெல் எச்சரிக்கும். லிப்ரே ஆபீஸில் 522 என்ற பிழை எண் வரும். ஒரு செல் தன் விடைக்குத் தன்னையே கேட்கிறது என்பதுதான் அதன் பொருள். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

வழி இதுதான். முதலில் தோராயமாக ஒரு விடையை வைத்துக்கொள்வோம். அதைச் சமன்பாட்டின் வலப்பக்கத்தில் போட்டால் அதைவிட நல்ல விடை வரும். அதை மறுபடி போட்டால் இன்னும் நல்லது. ஒவ்வொன்றையும் ஒரு செல் கீழே கீழே எழுதிக்கொண்டு போவோம்.

பி8-ல் =பி7 என்று டைப் செய்யுங்கள். இது நம் முதல் தோராயம்.

பி9-ல்:

=$பி$7+$பி$2*சைன்(பி8)

சைன் என்பதற்கு எஸ், ஐ, என் என்ற மூன்று எழுத்துகளை அடிக்க வேண்டும். என்டர் தட்டியதும் 1.4424 என்று விடை வரும்.

இனி பி9 செல்லைக் கிளிக் செய்யுங்கள். அதன் வலது கீழ் மூலையில் ஒரு சிறிய சதுரம் தெரியும். மெளஸை அதன்மேல் வைத்தால் பாயின்டர் கூட்டல் குறியாக மாறும். இடது பட்டனை அழுத்தியபடி பி14 வரை கீழே இழுத்து விடுங்கள். பார்முலா எல்லாச் செல்களிலும் காப்பி ஆகிவிடும்.

பி8-லிருந்து கீழே படித்துப் பாருங்கள்: 1.3651, 1.4424, 1.4435, 1.4435... மூன்றாவது செல்லுக்குப் பிறகு நான்கு தசம இடங்களுக்கு எண் மாறவே இல்லை. இனி எத்தனை முறை திருத்தினாலும் இதேதான். அப்படியானால் நாம் தேடிய விடை இதுதான். நாங்கள் புரோகிராம் எழுதும்போது 'லூப்' என்று சொல்வது இந்த வேலையைத்தான். நீங்கள் ஒரு வரி கூட புரோகிராம் எழுதாமல் மெளஸை இழுத்தே செய்துவிட்டீர்கள்.

டாலர் குறி எதற்கு? பார்முலாவைக் கீழே இழுக்கும்போது பி8 என்பது பி9, பி10 என்று தானாக மாறும். அது நமக்கு வேண்டும். ஆனால் பி7-ம் பி2-ம் மாறக் கூடாது. டாலர் குறி போட்டால் 'இந்தச் செல்லை நகர்த்தாதே' என்று ஆணி அடித்த மாதிரி. வேண்டுமானால் டாலர் இல்லாமல் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், எண்கள் தறிகெட்டு ஓடும்.

ஏ15-ல் 'சூரியனிலிருந்து தூரம்', பி15-ல்:

=பி1*(1-பி2*கொசைன்(பி14))

கொசைன் என்பதற்கு சி, ஓ, எஸ் என்று அடியுங்கள். விடை 2.739 வானியல் அலகு.

ஏ16-ல் 'கோடி கி.மீ.', பி16-ல் =பி15*14.96. விடை சுமார் 40.98. சூரியனுக்கு மிக அருகே வந்து ஓர் ஆண்டு கழித்து, செரஸ் சுமார் 41 கோடி கி.மீ. தூரத்தில் இருக்கும்.

விடை சரிதானா?

கம்ப்யூட்டர் காட்டினால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் நிறைய பேர். அது நம்மைவிட வேகமாகக் கணக்குப் போடும், அவ்வளவுதான். தப்பான பார்முலா கொடுத்தால் தப்பான விடையையும் அதே வேகத்தில், அதே அழகான எழுத்தில் காட்டும். அதனால் எந்த ஷீட் தயாரித்தாலும், விடை முன்கூட்டியே தெரிந்த கேள்வியைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். சாஃப்ட்வேர் கம்பெனிகளில் இந்தச் சோதனைக்கென்றே தனியாக ஆட்கள் இருக்கிறார்கள்.

சோதனை 1: பி6-ல் 0 போடுங்கள். சூரியனுக்கு மிக அருகே இருக்கும் அந்த நொடி. பி15-ம் பி4-ம் ஒன்றாக இருக்க வேண்டும்.

சோதனை 2: பி6-ல் =பி3/2 என்று டைப் செய்யுங்கள். பாதிச் சுற்று. பி15-ம் பி5-ம் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டும் பொருந்தினால் உங்கள் ஷீட்டை நம்பலாம். பொருந்தாவிட்டால் பெரும்பாலும் அடைப்புக்குறியோ டாலர் குறியோ விட்டுப்போயிருக்கும். கௌஸுக்கும் இப்படி ஒரு சோதனை இருந்தது. அவருக்கு விடை சொல்ல வேண்டியது வானம். அங்கே புள்ளி இல்லாவிட்டால் அத்தனை பக்கக் கணக்கும் குப்பைக்குத்தான் போயிருக்கும்.

இனி நிஜமான நாளுக்குப் போடலாம். செரஸ் 2022 டிசம்பர் தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகே வந்தது. அதிலிருந்து நீங்கள் விரும்பும் நாள்வரை எத்தனை ஆண்டுகள் என்று கணக்கிட்டு பி6-ல் போடுங்கள். 2024 டிசம்பர் தொடக்கம் என்றால் 2, அதற்கு ஆறு மாதம் கழித்து என்றால் 2.5. ஒரு முழுச் சுற்று தாண்டியிருந்தாலும் கவலையில்லை, விடை சரியாகவே வரும்.

பயிற்சி: சென்னையில் கண்டுபிடித்தது

இந்த ஷீட் செரஸுக்கு மட்டுமல்ல. ஃபைலை வேறு பெயரில் சேவ் செய்துகொண்டு, நம் ஊரிலிருந்து கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்குப் போட்டுப் பாருங்கள். 1861 ஏப்ரல் 17 அன்று, நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வுக் கூடத்தில் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேய வானியலாளர் ஒரு குறுங்கோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் குறுங்கோள் அதுதான். அதனால் அதற்கு 'ஆசியா' என்றே பெயர். வரிசை எண் 67.

பி1-ல் 2.42, பி2-ல் 0.185, பி6-ல் 1 என்று மாற்றுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். சுற்றுக் காலம் 3.76 ஆண்டு, மிகக் குறைந்த தூரம் 1.97, மிக அதிகத் தூரம் 2.87 என்று வர வேண்டும். பி15-ல் 2.54 வரும்.

பி8-லிருந்து பி14 வரை உள்ள எண்களையும் கவனியுங்கள்: 1.6690, 1.8531, 1.8467, 1.8470, 1.8470. முதலில் விடையைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்து நிலைகொள்கிறது. செரஸைவிட ஒரு படி கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கிறது. ஆசியாவின் பாதை அதிகம் நீண்டது என்பதே காரணம். பி2-ல் 0.9 போட்டால் ஏழு செல்கள் போதாமல் போகலாம். அப்போது கடைசி இரண்டு செல்களும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே விடையை நம்புங்கள்.

மற்ற குறுங்கோள்களின் எண்கள் வேண்டுமென்றால், நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரி இன்டர்நெட்டில் இலவசமாகத் தருகிறது. பெயரையோ எண்ணையோ கொடுத்துத் தேடினால் போதும்.

நாம் விட்டது என்ன?

நம் ஷீட் தூரத்தை மட்டும்தான் சொல்லும். வானத்தில் எந்தத் திசையில் தேடுவது என்று சொல்லாது. அதற்கு, பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பன போன்ற விவரங்களும் வேண்டும். ஒரு பாதையை முழுதாகச் சொல்ல மொத்தம் ஆறு எண்கள். செரஸின் பாதை பூமியின் பாதையோடு சுமார் 10.6 டிகிரி சாய்ந்திருக்கிறது. மேலும் வியாழன் போன்ற கோள்கள் இழுப்பதால் இந்த எண்களே நாளடைவில் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். அதனால்தான் இன்டர்நெட்டில் தரும் எண்களோடு 'இந்தத் தேதிக்கு' என்ற குறிப்பும் இருக்கும்.

கௌஸ் தன் முறையை 1809-ல் புத்தகமாக வெளியிட்டார். புதிய குறுங்கோளின் முதல் பாதையைக் கணக்கிட அவர் பெயராலேயே அழைக்கப்படும் முறை இன்றும் பயன்படுகிறது. பியாட்சி கண்ட அந்தப் புள்ளியைத் தேடி, 2007-ல் கிளம்பிய நாசாவின் டான் விண்கலம் 2015 மார்ச் 6 அன்று செரஸைச் சுற்றத் தொடங்கியது. எரிபொருள் தீர்ந்து 2018-ல் அதன் பணி முடிந்தது. ஏழரை ஆண்டு பயணம் செய்து போகும் இடத்தில் செரஸ் சரியாக வந்து நிற்க வேண்டுமே? அந்தக் கணக்கின் அடிப்படையிலும் நீங்கள் பி9-ல் டைப் செய்த அந்த ஒரு வரிதான் இருக்கிறது.

ஷீட்டை சேவ் செய்துகொள்ளுங்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால், செவ்வாய்க்கு 1.524, 0.093 என்ற இரண்டு எண்களைக் கொடுத்துச் செவ்வாயின் ஒரு ஆண்டு எவ்வளவு என்று கேளுங்கள். விடை 1.88 என்று வந்தால் அவர்களுக்கும் எக்ஸெல் வந்துவிட்டது.